ஐந்நூற்று முப்பது மிலிகிராம்

இரவு ஒன்பதரைக்கு எங்கள் பிளாட்டில்
ஃபான் நிற்கும். ஜன்னல் சாத்தப்படும்.
நான் மூச்சைக்கூடச்
சுவர்ப்பக்கம் திரும்பித்தான் விடலாம்.
பஞ்சலிங்கம் குண்டு நிறுக்கிறார்.

பயப்படாதீர்கள். ஈயக் குண்டு,
மிளகுக்கு அண்ணன் அளவு.
பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தின் நடுவே
ஊசி குத்தின மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு.
அதைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்கிற விளையாட்டு.
ஆனாலும் கொழும்பில்
பஞ்சலிங்கம் என்ற பெயரை வைத்துக்கொண்டு
போனில் அந்தச் சொல்லைச் சொல்ல ஏலுமா?
அதனால் மிளகு என்கிறோம்.
"மிளகு மூன்று டப்பா வந்திட்டுது,
ஜெர்மன் மிளகு."
ஒட்டுக்கேட்கிறவனுக்கு இது இன்னும் மோசமாய்ப் படும்
என்று சொல்லிப் பார்த்தேன்.

தராசு, செட்டியார் தெருவில் வாங்கினது.
என் தாலிக்கொடி நிறுத்த நாளில்
இதே மனுசன் கடைக்கு வெளியே நின்று
சோடா குடித்தவர்.

ஐந்நூற்று முப்பது காட்டினால்
பஞ்சில் படுக்கவைப்பார்.
முப்பத்தொன்று காட்டினால்
பகலில் வங்கியில் கள்ளக் கையெழுத்தைப் பிடிக்கிற
அதே முகம் வரும்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து,
மறுபடி நிறுத்து,
ஜாம் போத்தலுக்குள் போடுவார். டிங்.
டப்பாவில் ஐந்நூறு. தேறினது முப்பத்தேழு.
இந்தக் கணக்கில் பார்த்தால்
எங்கள் கலியாணத்துக்கு வந்த சனத்தில்
எத்தனை பேர் தேறுவார்கள் என்று
நான் வெங்காயம் உரித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
மாப்பிள்ளையையும் சேர்த்து.

கடலோரம் கடைசிக் கோச்சி போகையில்
கட்டடம் நடுங்கும், தராசில் இலக்கம் நடுங்கும்.
அது போன பிறகுதான் அடுத்த குண்டு.
கோச்சியோ நேரத்துக்கு வந்த சரித்திரமில்லை.
வராத கோச்சிக்காக
கையில் இடுக்கியோடு நாற்பது நிமிடம்
ஒரு மனுசன் அசையாமல் இருப்பதை
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நாலாம் மாடிச் சுகிர்தாவுக்குத் தராசின் செய்தி எட்டி,
"அடைவு பிடிக்கிறீங்களோ?" என்று
ஒரு காப்போடு வந்தா.
நிறுத்தார்.
அவவின் மாமி சொன்ன பவுணுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு மிலிகிராம் குறைவு.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னார்.
அந்த வீட்டில் இப்போது
இரண்டு உலை வைக்கிறார்கள்.

போட்டி அன்று அறுபது குண்டும்
அறுபது குழிப் பெட்டியில், என் மடியில்.
பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி
ஓட்டோக்காரருக்கு மேலதிகமாய் இருநூறு ரூபாய்.
இவருக்கு ஏழாம் இடம். எட்டில் மினோலி,
பதினைந்து வயது, இரட்டைப் பின்னல்.
டப்பாவுக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்து
கச்சான் கொறிக்கிற மாதிரிச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

இவர் முதல் குண்டை ஊதினார்.
வெளிச்சத்தில் பிடித்து உருட்டினார்.
இன்னொரு தரம் ஊதினார்.
தோள், கன்னம், மூச்சு, விரல்.
பத்து!
பொட்டு இருந்த இடமே தெரியாத
சுத்தமான பத்து.
எட்டாம் தாளில்.

வரும் வழி முழுக்கக் கதையில்லை.
பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது மட்டும்
"குண்டில் பிழையில்லை" என்றார்.
வீட்டுக்கு வந்து கொப்பியிலும் எழுதினார்,
அடிக்கோடு போட்டு.

ஜாம் போத்தல் நிரம்பி வழிந்தது.
தேறாததுகளை எல்லாம் அள்ளி
வரவேற்பறைத் திரைச்சீலையின் கீழ் மடிப்புக்குள்
நான் வைத்துத் தைத்தேன்.
மெரீன் டிரைவ் காற்று
இப்போது வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
நூல் பிடித்த மாதிரித் தொங்குது சீலை.

மனுசன் வந்தார். குனிந்தார்.
ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இடப்பக்கம் கொஞ்சம்
பாரம் கூட."